அடுப்பின் மேல் விழுந்த பழி

ஜுமாஷ் தன் மகள் எல்னூராவின் கல்யாணச் சீரில் ஒரு கம்ப்யூட்டர் வைத்தார். கம்பளம், மெத்தை, பெட்டி, தேநீர்க் கிண்ணம் எல்லாம் வழக்கப்படி இருந்தன. அதில் எந்தத் தகப்பன் குறை வைப்பான்? ஆனால் அடுக்கின் உச்சியில், ஒரு பக்கம் கண்ணாடியும் உள்ளே நீல வெளிச்சமுமாக அது உட்கார்ந்திருந்தது. நான் அதை மீன்தொட்டி என்று நினைத்து, மீன் எங்கே என்று கேட்டேன். சிரிக்காதீர்கள் கண்ணுகளா, என் பக்கத்தில் நின்றவளும் மீனைத்தான் தேடிக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை வீடு எங்கள் தெருவில், பிஷ்கெக் நகரம் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. மாப்பிள்ளை மெதெர் லாரி ஓட்டுகிறவன். அவன் தாய் சூராகான் கணவனை இழந்தவள். ஆள் உயர மின்சார அடுப்பு ஒன்றில், இறைச்சியும் வெங்காயமும் வைத்து மடித்த சம்சா சுட்டு, பஸ் நிறுத்தத்தில் விற்றுத்தான் அவனை ஆளாக்கினாள். ஜுமாஷுக்கு நகர நடுவில், பெரிய கடைவளாகத்தின் மாடியில், கண்ணாடிக் கூண்டு போல ஒரு கடை. பாகங்களை வாங்கிக் கோத்துக் கம்ப்யூட்டராக்கி விற்பார். மனைவி இறந்தபின் மகளை அந்தக் கூண்டுக்குள் வைத்தே வளர்த்தார். அவளும் அங்கேயே தொழில் கற்றுக்கொண்டாள். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டி, மணப்பெண் தலைக்குமேல் பூவும் புறாவும் பறக்கவிட்டுக் கொடுப்பாள். அவள் பறக்கவிடுகிற புறாவிடம் ஒரே குறை, அது எச்சம் போடுவதில்லை என்று சொல்வார்கள். அவ்வளவு நிஜமாக இருக்கும்.

சீர் பரப்பிக் காட்டுகிற அன்று மெதெரின் தாய்மாமன் வந்தார். டெலிபோன் ஆபீசில் வேலை பார்க்கிறவர். மெத்தையைத் தட்டிப் பார்த்தார், கம்பளத்தைப் புரட்டிப் பார்த்தார், கடைசியில் கம்ப்யூட்டர் முன்னால் வந்து நின்றார்.

"பாக்க ஜோராத்தான் இருக்கு சம்பந்தி. ஓடுமா, இல்ல விளக்கு மட்டும் எரியுமா?"

"உங்க ஆபீஸ்ல இருக்கிறதெல்லாம் கழுதைங்க. இது குதிரை" என்றார் ஜுமாஷ்.

"எல்லாத் தகப்பனும் தன் வீட்டுக் குட்டியைக் குதிரைன்னுதான் சொல்லுவான்."

சம்பந்திகள் இப்படிச் சீண்டிக்கொள்வது எங்கள் பக்கத்தில் சாதாரணம். சீண்டாவிட்டால்தான் கோபமோ என்று சந்தேகம் வரும். ஆனால் ஜுமாஷ் இதை எதிர்பார்த்தே வந்திருந்தார். வேகத்தை அளந்து காட்டுகிற ஒரு பரிசோதனையை ஓடவிட்டார். திரையில் பெரிய எண் ஒன்று வந்தது. எங்களுக்கு அது என்னவென்று புரியவில்லை. மாமனுக்குப் புரிந்தது, விசில் அடித்தார். எல்லோரும் கைதட்டினோம். எல்னூரா தலைகுனிந்து நின்றாள், ஆனால் காது வரைக்கும் சிரிப்பு.

அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு காரியம் இருந்தது. கம்ப்யூட்டருக்கு மூளை பிராசஸர். அதற்கு ஓர் எல்லை உண்டு: இவ்வளவு வேகம், அதற்கு இவ்வளவு மின்னழுத்தம் என்று. சீர் கொண்டுவருவதற்கு முன்னால் ஜுமாஷ் தன் கடையில் உட்கார்ந்து அந்த எல்லையை அவிழ்த்துவிட்டிருந்தார். சம்பந்திகள் முன்னால் ஓர் ஓட்டம் ஓடிக் காட்டிவிட்டு, மறுபடி கட்டிவிடலாம் என்பது எண்ணம். கட்டவில்லை. அந்த எண் அவருக்குப் பிடித்துப்போயிருந்தது.

கல்யாணம் முடிந்த கோடையில் பக்கத்துக் கடைக்காரன் ஸ்லாவா கண்ணாடியைத் தட்டினான்.

"யோவ் ஜுமாஷ், படிச்சியா? நாம இப்ப விக்கிற தலைமுறைப் பிராசஸர் சீக்கிரமே கிழடு தட்டுதாம். தேவைக்கு மேல வோல்டேஜ் இழுக்குதாம். தயாரிச்சவங்களே ஒத்துக்கிட்டு, திருத்தம் ஒண்ணு விட்டிருக்காங்க. நீ வித்ததுக்கெல்லாம் போட்டுடு."

போட்டார். வாங்கியவர்களை எல்லாம் தேடிக் கூப்பிட்டு, ஒருவர் விடாமல் போட்டுக்கொடுத்தார். தொழிலில் அவர் நேர்மையானவர்தான். மகளுடையதை மட்டும் விட்டுவிட்டார். அந்தத் திருத்தத்தைப் போட்டால் வேகம் கொஞ்சம் குறையும். டெலிபோன் ஆபீஸ் மாமன் என்றைக்காவது வந்து, எங்கே சம்பந்தி, இன்னொரு தரம் ஓட்டிக் காட்டுங்கள் என்றால்?

அதிக மின்னழுத்தம் கொடுத்தால் பிராசஸருக்கு அன்றைக்கே ஒன்றும் ஆகாது. அதுதான் அதில் உள்ள சூது. உள்ளே முடியை விட மெலிதான பாதைகள் இருக்கின்றன. அவை மெல்ல மெல்லத் தேயும். தேய்ந்துவிட்டால், நேற்றுப் போதுமாயிருந்த அழுத்தம் இன்றைக்குப் போதாது. சும்மா இருக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். கனமான வேலை வந்தால் தடுமாறும்.

நவம்பரில் தடுமாறியது. எல்னூரா ஒரு கல்யாண வீடியோவை முடித்துக் கடைசியாக அதை ஒன்றாகத் திரட்டும் நேரத்தில் நின்றுபோனது. நினைவகம் போதவில்லை என்று திரையில் வந்தது. மறுபடி ஓட்டினாள். இந்த முறை திரையே நீலமானது. அடுத்த முறை வேறு ஏதோ பெயர் சொல்லி நின்றது. வலிக்கிற இடம் ஒன்று, அது கைகாட்டுகிற இடம் வேறு.

ஜுமாஷ் வந்தார். நினைவக அட்டையை மாற்றினார், சரியாகவில்லை. குனிந்து நிமிர்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோது, அடுத்த அறையில் சூராகான் அடுப்பைப் போட்டாள். கூரை விளக்கு ஒரு கணம் மங்கியது. குளிர்காலத்தில் எங்கள் தெருவில் எந்த வீட்டில் எதைப் போட்டாலும் விளக்கு மங்கும். எங்களுக்கு அது புதிதல்ல. ஜுமாஷுக்கு அது தெய்வமே கைகாட்டியதுபோல இருந்தது.

அடுப்பறை வாசலுக்குப் போனார். சம்சா வாங்க வந்த நாங்கள் நாலைந்து பெண்கள் அங்கே நின்றிருந்தோம்.

"சம்பந்தியம்மா, தப்பா நினைக்காதீங்க. இந்த அடுப்பு வீட்டு மின்சாரத்தை எல்லாம் ஒரே மடக்குல குடிக்குது. கரண்ட் ஏறி இறங்குற ஆட்டத்துல என் மெஷின் சாகுது. நான் கோத்த மெஷின், அதுல கோளாறு வராது."

சூராகான் கையில் மாவோடு நின்றாள். நான் அவளை முப்பது வருஷமாக அறிவேன். பஸ் கண்டக்டரையே வாயால் இறக்கிவிடுகிறவள். அன்றைக்கு விரலில் ஒட்டிய மாவை உருட்டி உருட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். மருமகள் கொண்டுவந்த சீரை மாமியார் கெடுத்தாள் என்று, மருமகளின் தகப்பனே, தெருப் பெண்கள் முன்னால் சொன்னால், ஒரு மாமியாருக்கு அதைவிட அவமானம் உண்டா?

"எனக்குத் தெரியாதே சம்பந்தி" என்றாள். "தெரிஞ்சிருந்தா..."

"தெரியாதுதான். பரவால்ல."

பரவாயில்லை என்று வேறு சொன்னார், பாருங்கள்.

அதன்பின் அவள் மருமகள் வேலை செய்யாத நேரம் பார்த்து அடுப்பைப் போட்டாள். அப்படியும் கம்ப்யூட்டர் நின்றது. அடுப்பு வீட்டில் இருக்கிறவரை அது சரியாகாது என்று நினைத்துக்கொண்டாள். புது வருஷத்துக்கு முன்னால், சோகுலுக் என்கிற ஊர்ப்பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு அடுப்பை விற்றாள். விற்கும்போது, இது வீட்டில் மற்ற சாமான்களைக் கெடுக்கிற அடுப்பு என்று அவளே சொல்லி, விலையைக் குறைத்துக் கொடுத்தாள். தெருவில் யார் கேட்டாலும் அதையே சொன்னாள். பிறகு விடியற்காலை பஸ் ஏறி, நகரத்தில் ஒரு சாப்பாட்டுக்கடையில் போய் நின்று, பிறத்தியாருக்குச் சம்சா மடித்துக்கொடுக்கத் தொடங்கினாள். சொந்த அடுப்புக்காரி, கூலிக்காரி ஆனாள்.

இப்போது நான் சொல்லப்போவது, தான் சொன்ன ஒரு வார்த்தையைத் திரும்ப எடுக்க ஜுமாஷுக்கு வாய் வந்ததா என்பதைத்தான்.

பனி உருகின பிறகு மெதெர் அந்தக் கம்ப்யூட்டரை லாரியில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தான்.

"மாமா, கொண்டுவர வேண்டாம்னு உங்க பொண்ணு சொன்னா. நான்தான் கேக்கல. அடுப்பு போயே மாசக்கணக்காச்சு. இது திருந்தல."

"அடுப்பு போச்சா? எங்க போச்சு?"

"அம்மா வித்துட்டாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

ஜுமாஷுக்குத் தெரியாது. எல்னூரா போனில் பேசும்போதெல்லாம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே சொல்லியிருந்தாள்.

மாப்பிள்ளை போனதும் அவர் பிராசஸரை மட்டும் கழற்றி, கடையில் இருந்த வேறொரு மதர்போர்டில், கடையின் நல்ல மின்சாரத்தில் பொருத்தி ஓட்டினார். கொஞ்ச நேரத்தில் நின்றது. புதுப் பிராசஸர் ஒன்றை எடுத்து மகளுடைய கம்ப்யூட்டரில் பொருத்தினார். ஓடியது, வீடியோவைத் திரட்டச் சொன்னார், திரட்டியது, இன்னொன்று கொடுத்தார், அதையும் திரட்டியது. பிறகு வேகத்தையும் மின்னழுத்தத்தையும் குறித்துவைக்கிற செட்டிங்கைத் திறந்து பார்த்தார். தான் அவிழ்த்துவிட்ட எண்கள், தான் வைத்தபடியே இருந்தன.

ஸ்லாவா கையில் தேநீரோடு எட்டிப்பார்த்தான்.

"யாருய்யா இவ்ளோ வோல்டேஜ் ஏத்தி வெச்சது? கொலைகாரனா இருப்பான் போல. எந்தக் கடைக்காரன்?"

ஜுமாஷ் திரையை அணைத்தார்.

"ஓ" என்றான் ஸ்லாவா. தேநீர்க் கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனான். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப வந்து, "அந்தத் தலைமுறையே கோளாறுதானே. தயாரிச்சவன் தலையில போடு. பொய்யும் இல்லையே" என்றான்.

பொய் இல்லை. அதுதான் ஜுமாஷுக்கு வசதியாக இருந்தது. எண்களைப் பழைய எல்லைக்கு இறக்கி வைத்துவிட்டு, அந்த வார்த்தையை வழியெல்லாம் வாய்க்குள் உருட்டிக்கொண்டே கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தார்.

சூராகான் வேலையிலிருந்து இன்னும் திரும்பவில்லை. எல்னூரா கதவைத் திறந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் கேபிள்களைச் செருகினார்.

"பிராசஸர்ல கோளாறும்மா. தயாரிக்கும்போதே வந்த குத்தம். அவங்களே ஒத்துக்கிட்டாங்க. புதுசு போட்டுட்டேன், இனிமே நிக்காது."

"சரிப்பா."

"நீ ஏன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லல? அடுப்பை வித்தாங்களாமே."

எல்னூரா அடுப்பு நின்றிருந்த மூலையைப் பார்த்தாள். அங்கே தரையில் ஒரு சதுரம் மட்டும் வேறு நிறமாக இருந்தது.

"அடுப்பு போன மறுநாளே மெஷின் நின்னுச்சுப்பா. அன்னைக்கே எனக்குத் தெரியும். செட்டிங்கைத் திறந்தும் பாத்தேன்."

ஜுமாஷின் கை கேபிளிலேயே நின்றது.

"பாத்தியா?"

"நீங்கதானே எனக்குப் பாக்கச் சொல்லிக்கொடுத்தீங்க."

"அப்பவே குறைச்சு வெச்சிருக்கலாமே."

"குறைச்சுப் பாத்தேன். கொஞ்ச நாள் ஓடுச்சு, அப்புறம் அதுலயும் நின்னுச்சு. தேஞ்சது தேஞ்சதுதானே. நீங்க வெச்சபடியே திரும்ப வெச்சுட்டேன். சின்னச் சின்னத் துண்டா வெட்டி வேலை பாத்தேன்."

"அத்தைகிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"என்னன்னு சொல்றது? எங்கப்பா பொய் சொன்னாருன்னா? இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகல." அவள் குரல் உயரவில்லை. "தினமும் காலையில பஸ்ஸுக்குப் போறதுக்கு முன்னாடி என்கிட்ட வந்து, இன்னைக்கு ஓடுதாம்மான்னு கேப்பாங்க. ஓடுது அத்தைன்னு சொல்வேன். அவங்க கையில வெங்காய வாசம் அடிக்கும். உங்க மானத்தைக் காப்பாத்த அவங்களைக் கூலிக்கு அனுப்பிட்டு நான் வீட்ல உக்காந்திருந்தேன்பா."

ஜுமாஷ் தலையிலிருந்த கல்பாக் தொப்பியைக் கழற்றினார். வைக்க இடம் தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டார். தன் பொய்க்குத் தானே வெட்கப்படலாம், ஆறும். அந்தப் பொய்யைப் பெற்ற மகள் சுமந்துகொண்டு நின்றாள் என்றால், அதற்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

"நான் சொல்றேன்" என்றார்.

"சொல்லாட்டியும் பரவால்லப்பா" என்றாள் எல்னூரா. அதே பரவாயில்லை. அவர் அன்றைக்குச் சொன்னது போலவே.

சாயங்காலம் சூராகான் வந்தாள். வாசலில் சம்பந்தியின் காலணியைப் பார்த்ததுமே பக்கத்து வீட்டுக்கு ஆள் அனுப்பி இறைச்சி வாங்கினாள், எங்களையும் கூப்பிட்டாள். சம்பந்தி வந்த வீட்டில் பானை கொதிக்காமல் இருக்கலாமா? ஜுமாஷைக் கதவுக்கு எதிர்ச்சுவர் ஓரம், பெரிய விருந்தாளிக்கான மேலிடத்தில், இரட்டை மெத்தை போட்டு உட்காரவைத்தாள். அவர் கதவுப் பக்கமாகத் தள்ளி உட்காரப் பார்த்தார்.

"அங்க காத்து அடிக்கும் சம்பந்தி, மேல போங்க. சீர் குடுத்தவர் வாசப்படியில உக்காந்தா என் தலையைத்தான் உருட்டுவாங்க."

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. மெதெர் கெண்டியிலிருந்து எல்லோர் கையிலும் தண்ணீர் ஊற்றினான். இறைச்சித் தட்டு வருவதற்குள் ஜுமாஷ் தொண்டையைச் செருமினார். வாழ்த்துச் சொல்லப்போகிறார் என்று நாங்கள் கிண்ணங்களைக் கீழே வைத்தோம்.

"சம்பந்தியம்மா, உங்க அடுப்பு மேல ஒரு தப்பும் இல்ல."

யாருக்கும் புரியவில்லை.

"மெஷினைக் கெடுத்தது நான். சீர் பரப்புற அன்னைக்கு உங்க முன்னாடி பெருமை அடிச்சுக்க, அது தாங்குறதுக்கு மேல ஏத்தி வெச்சேன். அப்புறம் இறக்கல. வாங்கினவங்களுக்கெல்லாம் சரிபண்ணிக் குடுத்தேன், என் பொண்ணோடதை விட்டுட்டேன். அது செத்துச்சு. பழியை உங்க அடுப்பு மேல போட்டேன்."

டெலிபோன் ஆபீஸ் மாமன் அன்றைக்கு இல்லை. இருந்திருந்தாலும் விசில் அடித்திருக்க மாட்டார். சூராகான் எழுந்து மருமகளைப் பார்த்தாள். எல்னூரா தரையைப் பார்த்தாள். மருமகளுக்கு முன்பே தெரியும் என்பது அந்தப் பார்வையில் சூராகானுக்கு விளங்கிவிட்டது. இதை அவள் மருமகளிடம் பிறகும் கேட்டதில்லை.

"அன்னைக்கு அந்தப் பொம்பளை அடுப்பை ஏத்திட்டுப் போறப்ப" என்றாள் சூராகான், மெதுவாக, "நான் அதைத் திட்டினேன். இத்தனை வருஷம் எனக்குச் சோறு போட்டதை. வாசல்ல நின்னு, போ மூதேவின்னு சொன்னேன்."

"புது அடுப்பு வாங்கித் தர்றேன். இதைவிடப் பெருசா..."

"வாங்கித் தருவீங்க. தெரு என்ன சொல்லும் தெரியுமா? சூராகான் கெட்ட அடுப்பை வெச்சு மருமக சாமானைக் கெடுத்தா. பெரிய மனுஷன் கோவிச்சுக்காம நல்ல அடுப்பு வாங்கிக் குடுத்தாருன்னு சொல்லும். உங்க பேரு இன்னும் ஒரு படி ஏறும். வேணாம்."

தட்டு வந்தது. எலும்புகளைப் பங்கிடுவது வீட்டுக்காரி. யாருக்கு எந்த எலும்பு என்பது யாருக்கு எவ்வளவு மரியாதை என்பதுதான். எங்களில் சின்னக் குழந்தைக்கும் அது தெரியும். எல்லாவற்றிலும் மேலான மரியாதைக்குரிய இடுப்பெலும்பை அவள் எடுத்தாள். ஜுமாஷ் முன்னால் வைத்தாள்.

"எனக்கு வேணாம் சம்பந்தியம்மா. இன்னைக்கு வேணாம்."

"உங்களுக்குக் குடுக்கல. என் மருமகளோட அப்பாவுக்குக் குடுக்குறேன். சாப்பிடுங்க, ஆறிடும்."

அவள் அவரைத் திட்டியிருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும். கத்தியை எடுத்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த மரியாதையைத் துண்டு துண்டாக நறுக்கி விழுங்கினார். காது சிவந்து கழுத்து சிவந்தது. ஒரு மனிதன் இவ்வளவு நேரம் இறைச்சி மெல்லுவதை நான் பார்த்ததில்லை.

கடைசிக் கிண்ணத் தேநீர் ஊற்றும்போது சூராகான் சொன்னாள்: "அடுப்பு திரும்ப வருமோ வராதோ, அது சோகுலுக்காரி மனசு. அவகிட்ட நான் கேட்டுப் பாக்குறேன். ஆனா கெட்ட அடுப்புன்னு இந்தத் தெரு பூரா நான் என் வாயால சொல்லிட்டேன். அது என் வாயாலயே போகாது சம்பந்தி. காலையில என்கூட வாங்க."

காலையில் வந்தார். ராத்திரி தூங்கிய முகமாக இல்லை. சூராகான் பஸ்ஸுக்குப் போகவில்லை. நல்ல தலைக்குட்டை கட்டிக்கொண்டு, அவரை முன்னால் விட்டு நடந்தாள். முதல் வீடு என்னுடையது. முந்தின நாள் நான் அங்கேயே உட்கார்ந்து எல்லாம் கேட்டவள்தான். அதனால் என்ன, என் வாசலையும் அவள் விடவில்லை. நாய் குரைத்தது. ஜுமாஷ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தபடி நின்றார். படித்தவர், கடை முதலாளி, இந்தத் தெருவுக்கே சம்பந்தி.

"ம், சொல்லுங்க" என்றாள் சூராகான்.

சொன்னார். பாதியில் நிறுத்தினார். நான் உதவிக்கு, தெரியும் தம்பி, விடுங்க என்று சொல்ல வாயெடுத்தேன். சூராகான் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். மிச்சத்தையும் சொல்லி முடித்தார். கடைசி வார்த்தை எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"முணுமுணுக்கக் கூடாது" என்றாள் அவள், அவர் கையைத் தொடாமல் பக்கத்து வாசலைக் காட்டி. "அடுத்த வீட்டுக்காரிக்குக் காது மந்தம். அங்க இன்னும் சத்தமாச் சொல்லணும்."

அவர் தலையாட்டிவிட்டு நடந்தார்.